காண்பதால் கேடு உண்டோ?

கொல்லாமையைப் பற்றி நம் இல்லங்களில் நடைபெறும் பேச்சு பெரும்பாலும் அடுக்களையைச் சுற்றியே அமைகிறது. எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும், நீரை வடிகட்டினோமா, பொழுது சாய்வதற்குள் உணவு முடிந்ததா என்பன நாம் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவை. வாய்க்கும் கைக்கும் இத்தனை காவல் வைத்த நாம் கண்ணுக்கு என்ன காவல் வைத்தோம்? கண்ணுக்குக் காவல் என்றவுடன் இளைஞர்க்குக் கூறும் ஒழுக்க உரை என்று கருதி அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. நான் கேட்பது அதனினும் எளிய வினா. ஓர் உயிரைத் தொடாமல், துன்புறுத்தும் எண்ணம் சிறிதும் இல்லாமல், வெறுமனே பார்த்து மகிழ்கிறோம். அதனால் அவ்வுயிருக்குத் தீங்கு நேரக் கூடுமா? நேர்ந்தால் அத்தீங்கு யாரைச் சாரும்?

இவ்வினா ஏட்டைப் படித்து எழுந்ததன்று. ஒரு காணும் பொங்கல் நாளில், வேடந்தாங்கல் ஏரிக்கரையில், என் இரு கைகளும் சேர்ந்து எழுப்பிய ஓசையிலிருந்து எழுந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு பொன்னூர் மலைக்குச் சென்றிருந்தோம். காலையில் மலையேறிக் குந்தகுந்தாசாரியரின் திருவடிகளை வணங்கிவிட்டு வந்தவாசி, மேல்மருவத்தூர் வழியாகச் சென்னை திரும்பிக் கொண்டிருந்தோம். எட்டு வயதுப் பேரன் பள்ளிப் பாடத்தில் வேடந்தாங்கலைப் பற்றிப் படித்திருந்தான். மதுராந்தகம் தாண்டியதும் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டான். பிறகு அவனை மறுப்பார் யார்? படாளம் கூட்டுச் சாலையில் வண்டி திரும்பியது.

வேடந்தாங்கல் ஏரி பெரிய ஏரியன்று. அதன் பரப்பு ஏறத்தாழ 74 ஏக்கர். தொண்டை மண்டலத்தில் அதைவிடப் பன்மடங்கு பெரிய ஏரிகள் எத்தனையோ உண்டு. அருகிலுள்ள மதுராந்தகம் ஏரியே அதற்குச் சான்று. ஆயினும் மழைக்காலத்தில் நீர் நிறைந்து, அந்நீரில் இடுப்பளவு மூழ்கி நிற்கும் கடம்ப மரங்களும் கருவேல மரங்களும் பறவைகளால் வெளுத்துத் தோன்றும்போது, அந்தச் சிற்றேரிக்கு நிகர் வேறில்லை. கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவைகளின் வகைகள் பல. நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கொக்கு என்று அடுக்கிக் கொண்டே போகலாம். கூடு கட்டாமல் குளிர்காலத்தைக் கழிப்பதற்கு மட்டும் வட ஆசியாவிலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் நீர்ப்பரப்பிலே மிதக்கும்.

'தாங்கல்' என்பது நம் பக்கத்தில் சிறு ஏரிக்கு வழங்கும் பெயர். வேடனுடைய தாங்கல் என்பதே வேடந்தாங்கல் ஆயிற்று என்பர். வேடன் பெயரைத் தாங்கிய ஊர் பறவைகளின் புகலிடமாக விளங்குவது நினைக்க நினைக்க இனிப்பது. அதைப் புகலிடமாக ஆக்கியவர்கள் அரசினரோ அறிஞரோ அல்லர்; அவ்வூர் உழவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலக் கும்பினியின் படைவீரர்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் திரண்டு சென்று செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை அவர் ஊராருக்குக் கவுலாக எழுதிக் கொடுத்தார் என்பது வரலாறு. 1858-இல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-இல் ஏரி அரசின் சரணாலயமாயிற்று. சுற்றிலும் 5 கிலோமீட்டர் வரை காப்பு எல்லை பின்னர் வகுக்கப்பட்டது. 2022-இல் உலகளாவிய சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் அது இடம் பெற்றது. சட்டங்களும் பட்டியல்களும் வருவதற்கு முன்பே ஊர் காத்துக் கொண்டிருந்தது என்பதை மட்டும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

நாங்கள் சென்று சேர்ந்தபோது பிற்பகல் நான்கு மணி இருக்கும். காணும் பொங்கலன்று அக்கரையில் கால் வைக்க இடமில்லை. நுழைவுச் சீட்டு வாங்கிக் கொண்டு கரையேறினோம். கரையோரம் பனங்கிழங்கு விற்றுக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களையும் அழைத்தார். எங்கள் வீட்டில் கிழங்கு உண்பதில்லை என்று கூறி மறுத்தேன். ஏன் என்று பேரன் கேட்டதற்கு, மண்ணுக்குள் விளையும் கிழங்கில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எண்ணிறந்தன என்று சற்றுப் பெருமிதத்தோடு விளக்கவும் செய்தேன். அந்தப் பெருமிதத்தைப் பின்னால் நினைத்து வெட்கப்பட நேரும் என்று அப்போது அறியேன்.

வாடகைக்கு வாங்கிய பைனாகுலரில் பேரனுக்கு எதுவும் சரியாகப் பிடிபடவில்லை. "எல்லாம் சும்மாவே உக்காந்திருக்கு தாத்தா" என்று முகம் வாடினான். தொலைவிலிருந்து வந்த பிள்ளை, ஏமாந்து திரும்பக் கூடாதே என்ற அன்பு எனக்கு. கரைக்கு அண்மையிலிருந்த மரங்களை நோக்கி இரு கைகளையும் ஓங்கித் தட்டி, "ஹோ" என்று கூவினேன்.

ஒரு நொடியில் மரம் வெறுமையாயிற்று. நூற்றுக்கணக்கான சிறகுகள் ஒருசேர எழுந்து வானத்தில் வட்டமிட்டன. கரையில் நின்றவர்கள் ஆரவாரித்தார்கள். பேரன் குதித்தான். என்னைப் பார்த்து வேறு சிலரும் கைதட்டத் தொடங்கினார்கள். வாணவேடிக்கை காட்டியவனைப் போல நானும் நின்றேன். அப்போது பனங்கிழங்கு விற்ற அந்த முதியவர் எழுந்து அருகில் வந்தார். கோபம் இல்லை, தாழ்ந்த குரலிலே சொன்னார்.

"கை தட்டாதீங்க ஐயா. நீங்க தட்டினா அது எழும்பும். அது எழும்பினா காக்கா எறங்கும். அவ்வளவுதான்."

அவர் காட்டிய திசையில் பார்த்தேன். ஆளில்லாத கூடு ஒன்றில் இரண்டு காகங்கள் இறங்கியிருந்தன. ஒன்று அலகில் வெண்மையாக எதையோ கவ்விக் கொண்டு கருவேலங்கிளைகளின் ஊடே பறந்து மறைந்தது. பைனாகுலர் பேரன் கையில் இருந்ததால் என்னால் தெளிவாகக் காண இயலவில்லை. அவன் கண்டான். வீடு சேரும் வரை அவன் ஒன்றும் பேசவில்லை.

கிழங்கிலுள்ள நுண்ணுயிர்க்கு இரங்கியவன், கால்மணி நேரத்திற்குள் ஒரு முட்டையைக் காகத்திற்குக் காட்டிக் கொடுத்தான். நகைப்பதா, நொந்து கொள்வதா என்று தெரியவில்லை. ஆனால் நிகழ்ந்ததை மனம் ஏற்க மறுத்தது. நான் கொல்ல நினைக்கவில்லையே, கல்லெறியவில்லையே, குழந்தையை மகிழ்விக்கத்தானே செய்தேன் என்று இரவெல்லாம் எனக்கு நானே வழக்காடினேன்.

வழக்குக்குச் சான்றாக முதலில் என் நினைவுக்கு வந்தது யசோதரன் கதை. நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த கதைதான். தேவிக்கு உயிர்ப்பலி இட வேண்டும் என்று தாய் வற்புறுத்த, உயிரைக் கொல்ல அஞ்சிய மன்னன் மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். அங்கே கொல்ல எண்ணிக் குறித்த உயிர் ஒன்றுமில்லை, வெட்டப்பட்டது மாவே. ஆயினும் பலியிடும் எண்ணம் இருந்தது. அவ்வெண்ணம் ஒன்றே அவனை மயிலாகப் பிறப்பித்து, விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழலச் செய்தது. இக்கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! எண்ணமே வினைக்கு வித்து என்பதற்கு இதனினும் கூரிய எடுத்துக்காட்டு இல்லை. அன்றிரவு அதே கதை எனக்குச் சார்பாகப் பேசுவது போலத் தோன்றியது. யசோதரனிடம் எண்ணம் இருந்தது, உயிர் இல்லை. என்னிடம் உயிர் போயிற்று, எண்ணம் இல்லை. எண்ணமே வித்தென்றால் என் நிலத்தில் விதையே விழவில்லையே!

இந்த வாதம் இனிமையானது, ஆனால் நிற்காது. காலையில் யாருடைய திருவடியை வணங்கி வந்தேனோ அந்தக் குந்தகுந்தரே தம் பிரவசன சாரத்தில் இதற்கு இடமில்லாமல் செய்துவிட்டார். உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும், கவனமின்றி ஒழுகுபவனுக்கு இம்சை உறுதி. கவனத்தோடு ஒழுகுபவனுக்கோ, அவனை மீறித் தீங்கு நேர்ந்தாலும் பந்தமில்லை என்பது அவர் கருத்து. தத்வார்த்த சூத்திரமும் இம்சையை வரையறுக்கும்போது பிரமாதத்தையே, அதாவது விழிப்பின்மையையே, முன் வைக்கிறது. ஆக, வினவ வேண்டியது 'கொல்ல நினைத்தாயா' என்பது மட்டுமன்று; 'காக்க நினைத்தாயா' என்பதும் ஆகும். முதல் வினாவுக்கு நான் தலை நிமிர்ந்து விடை சொல்லலாம். இரண்டாவதற்கு?

பறவை எழுந்தால் காகம் இறங்கும் என்பது எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். தெரியாதது மெய். ஆனால் தெரிந்து கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றாமற் போனது எதனால்? பிறர் வீட்டுத் திண்ணையில் தொட்டில் ஆடுவதைக் கண்டால் நாம் குரலைத் தாழ்த்துகிறோம். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே ஆயிரம் தொட்டில்கள் ஆடிய மரத்தின் முன் நான் கூவினேன். எனக்கு அவை வீடுகளாகத் தெரியவில்லை, காட்சிப் பொருளாகத் தெரிந்தன. சட்டைப் பையில் நுழைவுச் சீட்டு இருந்தது. சீட்டு வாங்கியவனுக்குக் காட்சி நடந்தாக வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் இருந்தது. நாடகம் தொடங்கத் தாமதமானால் கொட்டகையில் கைதட்டுகிறோமே, அதே கை அது.

தீங்கு எவ்வாறு நேர்கிறது என்பதைப் பின்னர் படித்தும் கேட்டும் அறிந்து கொண்டேன். கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகளுக்குத் தாயோ தந்தையோ ஒன்று எப்போதும் கூட்டில் இருப்பதே அரண். அது எழுந்த சில நொடிகளே காகத்துக்கும் பருந்துக்கும் போதும். காகம் வராவிட்டாலும் வெயில் இருக்கிறது. இறகு முளைக்காத குஞ்சு நண்பகல் வெயிலைச் சிறிது நேரமே தாங்கும். ஆதலால்தான் நாரை வெயிலுக்கு முதுகு காட்டிச் சிறகை விரித்துக் குடைபோல நிற்கும். ஏரியிலிருந்து அலகில் நீர் கொண்டுவந்து குஞ்சுகளின்மேல் சொரிவதும் உண்டு. பெற்றோர் திடுக்கிட்டு எழும்போது கால் இடறிக் குஞ்சோ முட்டையோ நீரில் விழுவதும் உண்டு. கரையில் நிற்கும் நமக்குத் தெரிவது சிறகுகளின் அழகு மட்டுமே. அது கலைந்து அடங்கும் முன் நாம் அடுத்த மரத்திற்கு நடந்து விடுகிறோம்.

வாத்துகளின் நிலை வேறு. சில கிலோமீட்டர் தொலைவில் கரிக்கிலி ஏரி இருக்கிறது. மரங்கள் குறைந்த, திறந்த நீர்நிலை. வாத்துகளையும் கரையோரம் இரை தேடும் சிறு பறவைகளையும் காண்பதற்கு அது உகந்தது. அங்கே கூடு இல்லை, முட்டை இல்லை; விரட்டினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவை கண்டம் கடந்து வந்தவை. கோடை தொடங்கும்போது மீண்டும் அத்தனை தொலைவு பறக்க வேண்டியவை. உண்டு, ஓய்ந்து, உடலில் கொழுப்பைச் சேர்த்துக் கொள்ளவே இங்கு வருகின்றன. ஒவ்வொரு முறை எழுப்பப்படும்போதும் சேர்த்ததில் ஒரு பகுதி செலவாகிறது. உண்ணும் நேரமும் கழிகிறது. கொல்லாமை அணுவிரதத்தின் குற்றங்கள் ஐந்தில் அன்னபான நிரோதம் ஒன்று. பிற உயிரின் உணவையும் நீரையும் தடுத்தல். மாட்டுக்குத் தீனி போடாமல் வேலை வாங்குவதையே இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்தோம். இன்று நம்மில் மாடு வைத்திருப்பவர் எத்தனை பேர்? அக்குற்றம் நம்மை விட்டு நீங்கிவிட்டதென்று எண்ணியிருந்தோம். அது ஏரிக்கரையில் காத்திருக்கிறது.

இதை ஜினாலய மண்டபத்தில் நண்பர்களிடம் சொன்னபோது, ஆகம அறிவு மிக்க பெரியவர் ஒருவர் என்னை இன்னும் ஒரு படி மேலே தள்ளினார். "அங்கே கைதட்டியது குற்றமென்று வருந்துகிறீர். அங்கே போனதே குற்றம்" என்றார். குணவிரதங்களில் ஒன்றான அனர்த்ததண்ட விரதம் பயனில்லாத செயல்களை விலக்குவது. இரத்தின கரண்டகம் பிரமாதச் செயல்களைச் சொல்லுமிடத்தில், பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைக் கலக்குதல், செடியை முறித்தல் ஆகியவற்றோடு வீணே அலைவதையும் பிறரை அலைய வைப்பதையும் சேர்த்தே சொல்கிறது. அதன்வழி நூலான நம் அருங்கலச்செப்பைப் பயின்றவர்களும் இதை அறிவர். "உல்லாசப் பயணம் என்பதற்கு வேறென்ன பொருள்? நீரும் அலைந்தீர், பேரனையும் அலைய வைத்தீர்" என்று முடித்தார். சிரித்துக் கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னது சரியாகத் தைத்தது.

அவரோடு நான் முழுவதும் உடன்படவில்லை. பயன் எது, பயனின்மை எது என்பதில்தான் வேறுபாடு. ஓர் உயிரின் வாழ்வை அருகிருந்து கண்டவனுக்கும், அவ்வுயிரின் பெயரை மட்டும் கேட்டவனுக்கும் இரக்கத்தில் வேறுபாடு இல்லையா? அந்த முட்டையைக் கண்ட பிறகு என் பேரன் எந்தப் பறவைக்கூட்டின் அருகிலும் ஓடியதில்லை. பல ஆண்டுகள் நான் சொன்ன கதைகள் செய்யாததை ஒரு காகம் செய்தது. ஊர்ப்பொதுவான பயனும் உண்டு. 2020-இல் வேடந்தாங்கலின் 5 கிலோமீட்டர் எல்லையைச் சுருக்கும் திட்டம் பேசப்பட்டபோது எதிர்ப்பு வலுவாக எழுந்தது. எழுப்பியவர்களுள் பலர் என்றோ ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகளாக அந்தக் கரையில் நின்று பார்த்தவர்களாகவே இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். எவரும் காணாத ஏரிக்கு வாதாட யார் வருவார்?

ஆயினும் பெரியவரின் சொல்லை என்னால் ஒதுக்கித் தள்ளவும் முடியவில்லை. காண விரும்புவோர் தொகை பெருகப் பெருக, அன்பே ஒரு சுமையாகிறது. ஒருவன் ஒருமுறை எழுப்பினால் பறவை திரும்பி அமரும். வருகிறவர் ஒவ்வொருவரும் 'நான் ஒரு முறைதானே' என்று எழுப்பினால், பறவைக்கு அது நாள் முழுதும். அன்றைக்கும் ஊரார் கவுல் பெற்றது துப்பாக்கிக்கு எதிராக. கைதட்டலுக்கு எதிராகக் கவுல் எழுதித் தருபவர் யார்?

காட்சி என்னும் சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் மும்மணிகளில் முதலாவதை நற்காட்சி என்றே தமிழில் வழங்குகிறோம். மெய்ப்பொருளில் கொள்ளும் தெளிவு அது, கண்ணால் காண்பதன்று. எனினும் அப்பெயர் பொருத்தமின்றி அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அறிதலும் காண்டலுமே உயிரின் இயல்பு என்கிறது நம் சமயம். கேவல ஞானி உலகனைத்தையும் காண்கிறார். அக்காட்சியால் ஓர் அணுவும் அசைவதில்லை. கண்ட பொருளினின்று அவர் எதையும் வேண்டுவதுமில்லை. நம் பார்வை அத்தகையதன்று. அதற்குக் கால்கள் உண்டு, குரல் உண்டு, கண்ணைப் பறிக்கும் சிவப்புச் சட்டை உண்டு, நீட்டிய கைப்பேசி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ட பொருள் நமக்காக ஏதேனும் செய்ய வேண்டும் என்ற வேட்கை உண்டு. அமர்ந்திருப்பது பறக்க வேண்டும். பறப்பது அருகில் வர வேண்டும். வந்தது நம்மை நோக்க வேண்டும். அந்த வேட்கை வந்த அளவிலே நாம் காண்பவராக இல்லை, செய்பவராகி விடுகிறோம்.

அவ்வூர் உழவர்களைக் கவனித்தால் இதன் மறுபுறம் விளங்கும். அவர்கள் பறவைகளைப் பார்ப்பதே இல்லை! ஏரியைக் கடந்து வயலுக்குச் செல்பவர்கள் ஒரு முறைகூடத் தலை நிமிர்த்துவதில்லை. ஆனால் தீபாவளியன்று வெடி வெடிப்பதில்லை. வலசை வந்த விருந்தினர் இருக்கையில் ஓசை கூடாதென்பது தலைமுறைகளாக அவ்வூர் காத்துவரும் கட்டுப்பாடு. பறவைகளைக் காண்பதற்காகவே நூறு கிலோமீட்டர் செல்லும் நாம் கரையில் நின்று கூவுகிறோம்.

அவர்கள் காப்பது தந்நலத்தால் என்று கூறுவாரும் உண்டு. அது பொய்யன்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரநீராகப் பாய்கிறது. உரச் செலவு குறைகிறது என்பதை அவர்களே மறைக்காமல் சொல்வார்கள். பயன் கருதிய இரக்கம் இரக்கமாகுமா என்று நுணுகி ஆராயலாம். எனக்கு அந்த ஆராய்ச்சியில் நாட்டம் குறைந்துவிட்டது. நான் எந்தப் பயனும் கருதாமல், தூய அன்பினால் கைதட்டியவன். பறவையின் பக்கத்திலிருந்து பார்த்தால், எங்கள் இருவருள் எவரை அது அயலாராகக் கொள்ள விரும்பும்?

பேரன் கேட்ட ஒரு கேள்வியையும் விட்டுவிடலாகாது. மறுநாள் மௌனம் கலைந்ததும், "அந்தக் காக்காவும் பசிக்குத்தானே எடுத்துது? நாரையும் நத்தையத் தின்னுதே? அப்ப நாரையக் காப்பாத்தினா நத்தைக்குப் பாவம் இல்லையா தாத்தா?" என்றான். நம் வீட்டுப் பிள்ளை இப்படிக் கேட்காவிட்டால்தான் வியப்பு. நத்தை குத்தி நாரையின் அலகில் நடுவே ஓர் இடைவெளி இருக்கும்; அந்த அலகே நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்க அமைந்தது. பாம்புத்தாரா மீனைக் குத்தித் தூக்கும். கொலையே வாழ்வாக அமைந்த விலங்குகதி அது. மகாவீரர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாய்ப் பிறந்து, முனிவர் உரை கேட்டுக் கொலையை விட்டு நோன்பிருந்து உடல் நீத்ததை ஸ்ரீபுராணத்தில் படிக்கிறோம். அது அரிதினும் அரிது. ஆதலால்தான் புராணம் ஆயிற்று. நாரைக்கு நத்தையை மறுக்கும் அதிகாரம் நமக்கு யாரும் தரவில்லை. நத்தை நாரைக்கு இரையாவதும், முட்டை என் விளையாட்டுக்கு இரையாவதும் ஒன்றல்ல என்று மட்டும் பேரனுக்குச் சொன்னேன். "காக்கா பசிக்கு எடுத்தது. நான் எதுக்குத் தட்டினேன்?" என்று கேட்டேன். அவன் விடை சொல்லவில்லை. அவனுக்காகத் தட்டினேன் என்பதை அவன் அறிவான். அந்த வினாவை நான் கேட்டிருக்கக் கூடாது.

அடுத்த ஆண்டு மாசி மாதத்தில், விடுமுறையில்லாத ஒரு நாளில், அவனை மட்டும் அழைத்துக் கொண்டு மீண்டும் சென்றேன். போக வேண்டும் என்றவன் அவனே. வெளிர் நிறச் சட்டை போட்டுக் கொள்ளச் சொன்னதும் அவன்தான், எங்கோ படித்திருக்கிறான். கரையில் பத்துப் பேர்கூட இல்லை. அந்த முதியவரைத் தேடினேன். பனங்கிழங்குப் பருவம் முடிந்திருந்தது, அவரைக் காணவில்லை. ஒரு மரத்தடியில் துண்டை விரித்து அமர்ந்தோம்.

முதல் கால்மணி நேரம் எனக்குச் சலிப்பாகவே இருந்தது என்பதை மறைப்பானேன்? எல்லாம் சும்மாவே உட்கார்ந்திருந்தன. பிறகு சிறிது சிறிதாகக் கண் பழகியது. குச்சியைக் கவ்வி வரும் ஒன்று. அதை வாங்கிக் கூட்டில் செருகும் மற்றொன்று. செருகியது பிடிக்காமல் பிடுங்கி மீண்டும் செருகுவது. அண்மைக் கிளையில் நத்தை குத்தி நாரை ஒன்று மேற்கு வெயிலுக்கு முதுகைக் காட்டிச் சிறகுகளைச் சற்றே விரித்து நின்றது. அதன் நிழலில் மூன்று சிறு தலைகள் அசைந்தன. முக்கால் மணி நேரம் அது நகரவில்லை. நாங்களும் நகரவில்லை. என் முழங்கால்தான் முறையிட்டது.

பொழுது சாயத் தொடங்கியதும் கட்டி வந்திருந்த இட்லியைப் பிரித்தோம். கதிரவன் மறைவதற்குள் உண்டு முடிப்பதில் அங்குள்ள பறவைகளில் பெரும்பாலானவை நம் வழக்கத்தைச் சார்ந்தவை. கூட்டம் கூட்டமாக வயல்களிலிருந்து திரும்பி வந்து மரங்களில் இடம் தேடிப் பூசலிட்டன. வக்கா மட்டும் இருட்டுக்குப் பின் இரை தேடுவது; நாம் அதனோடு உறவு கொண்டாட முடியாது. மங்கிய ஒளியில் அது ஒற்றைக் குரல் கொடுத்துவிட்டு எங்கள் தலைக்கு மேலாகக் கிளம்பிற்று. நான் தொண்டையைச் செருமிக் கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பேரன் என் கையை அழுத்திப் பிடித்து, விரலை உதட்டின்மேல் வைத்தான். இருமலை அடக்கிக் கொண்டேன்.